நாற்காலியும் பட்டாவும்



காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் குழுக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. எல்லாரும் தோட்டத்தில் இருப்பீர்கள். அதனால் இந்த முறை பாடத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ராத்திரி அடுப்படி வேலை முடிந்த பிறகு படிக்கத் தெரிந்த ஒருத்தர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டால் போதும். பாடம் தலைமை பற்றியது. ஆனால் "நல்ல தலைவரின் பத்துப் பண்புகள்" என்ற பட்டியலை இங்கே தேட வேண்டாம். அது ஊக்குநர் பயிற்சி நோட்டிலேயே எல்லாரிடமும் இருக்கிறது.

ஒரு அக்காவின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பேரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சேர்வராயன் மலைக்காரர் என்று மட்டும் சொல்லலாம்.

அந்த அக்கா குழுவில் சேரும்போது கைநாட்டு. குழுவில்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். பிறகு பிரதிநிதி ஆனார். ஊராட்சித் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தார். மற்ற வார்டு உறுப்பினர்கள் அவரையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். "பேசாம இருக்கற ஆளு, கேட்ட எடத்துல கையெழுத்துப் போடும்னு நெனச்சாங்க கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும். இது நம்மில் பல பேருக்குத் தெரியாது. முதல் வருஷம் முழுக்கக் காசோலைப் புத்தகம் அவர் வீட்டுக்கே வந்தது. வீட்டுக்காரர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வருஷம் ஒரு நாள் வந்த பில்லை, குழுக் கணக்கைப் பார்க்கிற பழக்கத்தில், எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். அவருடைய சொந்த ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டதாக எழுதியிருந்தது. அந்த ஊரில் அப்போதும் பெண்கள் ஓடையில்தான் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வீட்டுக்காரர் திட்டினார், பங்காளிகள் வந்து பேசினார்கள். மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் குழாய் வந்தது, அப்புறம்தான் கையெழுத்து விழுந்தது.

இதோடு முடித்தால் இது நாம் வழக்கமாகப் போடுகிற வெற்றிக் கதை ஆகிவிடும். பதவிக்காலம் முடிந்து சில வருஷத்தில் அந்த அக்காவின் கணவர் இறந்துவிட்டார். வீட்டு நிலத்தில் கொஞ்சம் காப்பியும், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றின மிளகும் இருக்கின்றன. பழத்தை அப்படியே வியாபாரிக்குப் போடுவதை விட உலர்த்தி விற்றால் விலை நன்றாகக் கிடைக்கும், ஒரு களம் போடலாம் என்று வங்கிக்கடன் கேட்டுப் போனார். பட்டா கேட்டார்கள். பட்டா மாமனார் பேரில் இருக்கிறது. மாமனார் இறந்து பல வருஷம் ஆகிறது. கொழுந்தனார்களிடம் கேட்டால், "பொம்பளைக்கு எதுக்குத் தனியாப் பங்கு? சோறு போடாமயா விட்டுட்டோம்?" என்கிறார்கள்.

அந்த அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "லட்சக்கணக்குல ஊராட்சிப் பணம் என் கையெழுத்துலதான் போச்சு கண்ணு. என் பேர்ல ஒரு சென்ட் நெலம் இல்லைங்கறது அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுது."

நாற்காலி வந்த வழி

அரசியலமைப்புச் சட்டத்தின் 73-வது திருத்தம் 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. தமிழ்நாடு 1994-ல் ஊராட்சிகள் சட்டம் போட்டு, 1996 அக்டோபரில் தேர்தல் நடத்தியது. நம் குழுக்களும் ஏறக்குறைய அதே காலத்தில் வளர்ந்தவைதான். 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்த மகளிர் குழுத் திட்டம் அடுத்த சில வருஷத்தில் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. 1997-98-ல் 'மகளிர் திட்டம்' என்ற பேரில் மாநிலம் முழுக்கப் போனது. ஒரு பக்கம் நாற்காலி வந்தது, இன்னொரு பக்கம் அதில் உட்காரப் பயிற்சி கொடுக்கிற குழு வந்தது. தீர்மானம் எழுதுவது, வரவு செலவு படித்துக் காட்டுவது, அதிகாரி முன்னால் உட்கார்ந்து பேசுவது எல்லாம் நாம் குழுவில் கற்றதுதான். முதல் கூட்டத்தில் பேரைச் சொல்லவே தலை குனிந்தவர்கள் பிறகு வாக்குக் கேட்டு ஊர் ஊராக நடந்ததைப் பார்த்திருக்கிறோம்.

2016-ல் தமிழ்நாடு இந்த ஒதுக்கீட்டைப் பாதியாக, அதாவது 50 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் அந்த வருஷம் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்கில் நின்றுபோனது. 2019 டிசம்பரில்தான் சேலம் உட்பட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தல் தள்ளிப்போனால் ஆணுக்கும்தான் நஷ்டம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, கட்சி இருக்கிறது. பெண்ணுக்கு ஊர்ப் பொதுவில் பேசக் கிடைத்த ஒரே இடம் பல ஊர்களில் அந்த நாற்காலிதான். அதுவும் சுழற்சி முறையில் மாறி மாறிப் போகிறது.

நம் மலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. 2013 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில், இறந்துபோன உறுப்பினர் பெருமாள் அவர்களின் மனைவி சரோஜா ஜெயித்தார். 2016-லும் 2021-லும் சித்ரா ஜெயித்தார். பெண்களுக்கென்று ஒதுக்காத தொகுதியில் மூன்று முறை தொடர்ந்து பெண். கட்சி எதுவாக இருந்தாலும் மலையில் பெண்ணுக்கு ஓட்டு விழாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பெண் தலைவர் வந்தால் என்ன மாறுகிறது என்றும் கேட்பார்கள். ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. இந்த டுஃப்லோதான் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினவர். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிதண்ணீருக்கு அதிகம் செலவழித்திருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. நம் அக்காவின் குழாய்க் கதையைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. குடம் சுமப்பவளுக்குத்தானே தண்ணீர் தூரம் தெரியும்.

நாற்காலியில் உட்கார விடுவதில்லை

2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில். அந்த ஒரு படம் போதும், சட்டம் கொடுத்தது வேறு, ஊர் கொடுப்பது வேறு என்று புரிந்துகொள்ள.

திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக 2006-ல் ஜெயித்த கிருஷ்ணவேணியை மூத்த உறுப்பினர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நூறு நாள் வேலையை நன்றாக நடத்தியதற்கு விருது வாங்கினவர். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்றதும் சிலருக்குப் பகையானது. 2011 ஜூனில் ராத்திரி வீடு திரும்பும்போது அவரை வெட்டினார்கள். பிழைத்துவிட்டார். 13 வருஷம் கழித்து 2024-ல்தான் தண்டனை வந்தது. மதுரை வில்லாபுரத்தில் மாமன்ற உறுப்பினராக இருந்த லீலாவதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. குடிதண்ணீருக்காகப் போராடின அவரை 1997 ஏப்ரல் 23-ல் பட்டப்பகலில் கொன்றார்கள்.

நம் மலையில் அவ்வளவு தூரம் போகவில்லை. இங்கே நடப்பது சத்தமில்லாமல் நடக்கும். கூட்டத்துக்குப் பெண் தலைவர் வருவார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக உட்காருவார், பேசுவது வீட்டுக்காரராக இருக்கும். வடநாட்டில் இதற்கு 'சர்பஞ்ச் பதி' என்று பேரே வைத்துவிட்டார்கள். பதி என்றால் கணவன். உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு மனுவுக்குப் பிறகு மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் குழு அமைத்தது. அப்படிப் பின்னாலிருந்து நடத்துகிறவர்களுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்று அந்தக் குழு 2025-ல் பரிந்துரைத்தது.

இதில் எங்களைப் போன்ற தொண்டு நிறுவனக்காரர்களுக்கும் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை. புதிதாக ஜெயித்த பெண்களுக்குப் பயிற்சி வைக்கும்போது, தகவல் சொல்ல வசதியாக இருக்கும் என்று வீட்டுக்காரர் செல்போன் நம்பரைத்தான் எழுதி வாங்கினோம். நானே அப்படி ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன். பிறகு, "ஏன் மேடம், எல்லாத்துக்கும் வீட்டுக்காரரே வந்து நிக்கறாரு" என்று அவர்களையே குறையும் சொன்னோம்.

தலைகீழான ஒரு தீவு

இப்போது கொஞ்சம் தூரம் போவோம். பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, பூகன்வில் என்று ஒரு தீவு இருக்கிறது. பப்புவா நியூ கினி நாட்டுக்குள் தன்னாட்சி பெற்ற பகுதி. நம் மலையைப் போலவே காடும் மேடும்தான். காப்பிக்குப் பதில் கோகோவும் தென்னையும். நம் கதையை அப்படியே திருப்பிப் போட்டால் அந்த ஊர்க் கதை கிடைக்கும். அதனால்தான் அதை இங்கே கொண்டுவருகிறேன்.

அந்தத் தீவின் பெரும்பாலான இடங்களில் நிலம் தாய் வழியில் வருகிறது. அம்மாவின் நிலம் மகளுக்கு. ஆனால் அந்த நிலத்தைப் பற்றி வெளியாரிடம் பேச வேண்டுமென்றால் மாமனோ அண்ணன் தம்பியோதான் பேசுவார்கள். பாங்குனா என்ற இடத்தில் பெரிய செம்புச் சுரங்கம் வந்தபோது இந்த வழக்கம் வினையாகப் போனது. நிலத்துக்கு உரியவர்கள் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் ஆண்கள். 1969-ல் ரொரொவானா என்ற ஊரில் அளவைக்கல் நட வந்தபோது பெண்கள் போலீசை எதிர்த்து நின்று தடுத்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை, சுரங்கம் வந்தது. அதன் விளைவாக 1988-ல் ஆரம்பித்த சண்டை பத்து வருஷம் ஓடியது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சண்டையை நிறுத்தச் சொல்லிக் காட்டுக்குள் போய் ஆயுதம் ஏந்தின தங்கள் பிள்ளைகளிடம் பேசினதில் அம்மாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2001-ல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

2004-ல் எழுதின அவர்களுடைய அரசியலமைப்பில் சட்டமன்றத்தில் 3 இடம் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பிறகு உள்ளூர் ஆட்சியில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒவ்வொரு வார்டிலும் ஒரு ஆண், ஒரு பெண் என்று இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மைப் போல, "இந்த முறை பெண் வார்டு, அடுத்த முறை பொது" என்ற பேச்சே அங்கே கிடையாது. எனக்கு இது நல்ல யோசனையாகப் படுகிறது. 2015-ல் ஒதுக்கீடு இல்லாத பொதுத் தொகுதியிலேயே ஜோசபின் கெட்சி என்ற பெண் ஜெயித்தார். 2020-ல் அந்தச் சுரங்கம் இருக்கிற தொகுதியிலேயே தியோனிலா ரோகா மாட்போப் என்ற பெண் ஜெயித்தார்.

பசிபிக் தீவுகள் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பப்புவா நியூ கினி நாட்டு நாடாளுமன்றத்தில் 2017 முதல் 2022 வரை ஒரு பெண் கூட இல்லை. சமோவா தீவில் 2013-ல் நாடாளுமன்றத்தில் குறைந்தது 10 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2021-ல் ஃபியாமே நவோமி மதாஃபா அந்நாட்டின் முதல் பெண் பிரதமராகத் தேர்தலில் வந்தபோது, பதவி ஏற்க விடாமல் நாடாளுமன்றக் கதவைப் பூட்டி வைத்தார்கள். வெளியே கூடாரம் போட்டு அதில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். தெற்குத்திட்டையில் தரை, சமோவாவில் கூடாரம்.

பூகன்வில் பெண்களுக்கு நிலம் இருந்தது, பேசுகிற இடம் இல்லை. அதை நாற்பது வருஷம் போராடி வாங்கினார்கள். நமக்குப் பேசுகிற இடத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது, காலுக்குக் கீழே நிலம் இல்லை.

நிலம் ஏன் வேண்டும்

"தலைவர் ஆக நிலம் எதுக்கு மேடம்? ஓட்டுதானே வேணும்?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டாள். சரியான கேள்வி. தேர்தலில் நிற்க நிலம் வேண்டியதில்லை. ஆனால் நம் அக்கா அந்தக் காசோலையில் கையெழுத்துப் போட மறுத்தாரே, அந்த மூன்று வாரத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரி வீட்டுக்காரர், "வெளியே போடி" என்றால் எங்கே போவது? அந்தப் பயம் இருக்கிற பெண் எத்தனை பில்லைத் திருப்பி அனுப்புவாள்? அந்த அக்கா தைரியசாலி. எல்லாரும் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. சொந்தப் பேரில் ஒரு துண்டு இடம் இருக்கிற பெண் கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள் என்பது நான் மலையில் பார்த்த அனுபவம்.

இதில் நம் மலையாளிப் பழங்குடி உறுப்பினர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அதில் மலையாளிகள் மட்டும் 3,57,980 பேர். மாநிலத்தில் பெரிய பழங்குடி நாம்தான். (நான் பழங்குடி இல்லை. ஆனால் இங்கே இத்தனை வருஷம் வேலை செய்த பிறகு 'நாம்' என்றுதான் வாயில் வருகிறது, மன்னிக்கவும்.)

கீழ்நாட்டில் மகளுக்கும் சொத்தில் சம பங்கு உண்டு என்று 1989-ல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது என்று சட்டப் பயிற்சியில் சொல்வோம். அது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் திருத்தம். அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவிலேயே, மத்திய அரசு தனியாக அறிவிக்காத வரை பழங்குடியினருக்கு இது பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. பழங்குடியினரின் வழக்கத்தைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்தார்கள். ஆனால் வழக்கம் என்ன என்று சொல்கிறவர் யார்? ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள். சேர்வராயன் கோயிலில் சேர்வராயனோடு காவேரி அம்மனுக்கும் சேர்த்துத்தான் பூசை நடக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் மட்டும் அம்மாக்களுக்கு இடம் இல்லை.

நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழி விட்டு வருகின்றன. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பழங்குடிப் பெண்ணுக்கும் சம உரிமை கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்துவதை மத்திய அரசு யோசிக்க வேண்டும் என்றது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கோண்டு பழங்குடிக் குடும்பத்து வழக்கு ஒன்றில், பெண்ணுக்குப் பங்கு இல்லை என்ற வழக்கம் இருப்பதாக நிரூபிக்காத நிலையில் அவளை ஒதுக்குவது சமத்துவத்துக்கு விரோதம் என்றது. ஆனால் அதே வருஷம் அக்டோபரில் வேறொரு வழக்கில், இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது என்பதையும் மறுபடி உறுதி செய்தது. ஆகவே, "சட்டப்படி உனக்கு ஒண்ணும் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடவும் வேண்டாம், "தானா வந்துடும்" என்று சும்மா இருக்கவும் வேண்டாம். கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை.

என்ன செய்யலாம்

முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பட்டா நகலைப் பாருங்கள். யார் பேர் இருக்கிறது? பல வீட்டில் தாத்தா பேரிலேயே இருக்கும். இ-சேவை மையத்திலும் பார்த்துக்கொள்ளலாம், கிராம நிர்வாக அலுவலரையும் கேட்கலாம்.

பட்டாதாரர் இறந்துபோயிருந்தால் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். அதற்கு மனுப் போடும்போது மனைவி, மகள்கள் பேரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். "கட்டிக் கொடுத்த பொண்ணு பேரு எதுக்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் அது பொய்யான மனு. வாரிசுச் சான்று கையில் இருந்தால் மட்டும் நிலம் சொந்தமாகிவிடாது, ஆனால் பட்டா மாறுதலுக்கும் பாகத்துக்கும் அதுதான் முதல் படி. தனிப்பட்டா உடனே முடியாவிட்டால் கூட்டுப் பட்டாவிலாவது பேர் ஏற வேண்டும்.

விடுதலைப் பத்திரம் பற்றித் தனியாகவே ஒரு பாடம் எழுதலாம். அண்ணன் தம்பிகள் சீர் வைத்து, புடவை எடுத்துக் கொடுத்து, "ஒரு கையெழுத்து போடு தங்கச்சி" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார்கள். அந்தக் காகிதத்தில், "என் பங்கை விட்டுக் கொடுக்கிறேன்" என்றிருக்கும். போட்ட பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம். விட்டுக் கொடுப்பது உங்கள் விருப்பம், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் தம்பி உறவு பெரியதுதான். ஆனால் படிக்காமல் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குழுக் கடன் பத்திரத்தை நாலு பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தானே நாம்?

கணவர் உயிரோடு இருந்து மனம் ஒத்து வந்தால், அவர் பேரில் தனியாக இருக்கிற நிலத்தில் ஒரு பகுதியைத் தான செட்டில்மென்ட் பத்திரம் மூலம் மனைவி பேருக்கு எழுதலாம். குடும்பத்துக்குள் எழுதுவதற்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு. புதிதாக இடம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 5 லட்சம் ரூபாய் இடத்துக்கு 5,000 ரூபாய் மிச்சம். வீட்டுக்காரரிடம் சமத்துவம் பற்றிப் பேசுவதை விட இந்த 5,000 ரூபாய்க் கணக்கைச் சொன்னால் சீக்கிரம் எடுபடுகிறது!

வன உரிமைச் சட்டம், 2006 நமக்கு மிகவும் வேண்டியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வன நிலத்தில் பயிர் செய்து வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. கல்யாணமானவர்களுக்குக் கணவன், மனைவி இரண்டு பேர் பேரிலும் சேர்த்துத்தான் உரிமைப் பட்டா தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கணவரை இழந்தவர், தனியாகக் குடும்பம் நடத்துகிறவர் என்றால் அவர் பேரிலேயே தர வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். உங்கள் ஊர் வன உரிமைக் குழுவில் இருக்கிற பெண்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறதா? சில ஊர்களில் பட்டியலில் பேர் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாள் எல்லாருக்கும் தெரியும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு நாள். ஊராட்சியில் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை நம்முடையது. ஏற்காடு ஒன்றியத்தில் 9 ஊராட்சிகள், ஊர்களோ 60-க்கு மேல். கூட்டம் நடக்கிற ஊருக்கு மற்ற ஊர்ப் பெண்கள் மேடும் பள்ளமும் நடந்து வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். கூலியும் போகும். அதனால் எல்லாரையும் வரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு ஊருக்கு ஐந்து பேர் முறை வைத்துப் போகலாம். வண்டிச் செலவைக் குழுப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கலாமா என்று தீர்மானம் போடுங்கள். போகிற ஐந்து பேர் மனுவை எழுதியே கொண்டு போங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை எழுந்திருக்காதீர்கள்.

வழக்கு என்று வந்தால் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உதவி உண்டு. சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். ஆனால் எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்கு இழுத்தால் பத்து வருஷம் இழுக்கும், அதற்குள் காப்பிச் செடியே கிழடு தட்டிவிடும். முதலில் குழுவில் நாலு மூத்தவர்கள் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். கடன் தவணை கட்டாதவர் வீட்டுக்குப் போய் உட்காருகிறோம் இல்லையா? அதே போலத்தான்.

நம் அக்கா விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. குழுவிலிருந்து ஆறு பேர் போனார்கள். முதல் நாள் கொழுந்தனார்கள் முகம் கொடுக்கவில்லை. இரண்டாம் முறை சின்னக் கொழுந்தனாரின் மனைவியே, "அக்காவுக்கு இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு எனக்கும் இல்லதான?" என்று வீட்டுக்குள்ளிருந்து கேட்டாளாம். வாரிசுச் சான்றுக்கு இப்போது மனுப் போட்டிருக்கிறார்கள், அக்கா பேரும் அதில் இருக்கிறது. களம் இன்னும் போடவில்லை. இந்த வருஷமும் பழத்தை வியாபாரிக்கேதான் போட்டார்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் வீட்டுப் பட்டா நகல் ஒன்று கொண்டு வாருங்கள். வீட்டில், "எதுக்கு?" என்று கேட்டால் குழுவில் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து, குழுவாரியாக ஒரு பதிவேட்டில் எழுதி வைப்போம். வீட்டு எண்ணும், கடைசியாகக் கட்டின வரி ரசீதும் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.